ஸ்டாக்டன் குருத்வாரா: கோயிலா, அரசியல் கூடமா?

கேள்வி இது: "மகள் குடும்பம் கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊருக்குக் குடிபோயிருக்கிறது. அங்கே உள்ளதுதான் அமெரிக்காவின் முதல் குருத்வாரா என்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் எல்லாம் இருக்க, இந்த ஊரில் ஏன்? உள்ளே விடுதலைப் போராட்டக்காரர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றனவாம். அது கோயிலா, அரசியல் கூடமா? சீக்கியர் அல்லாத நாங்கள் போகலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். போனால் சாப்பிடாமல் திரும்ப விடமாட்டார்கள். மற்றவற்றுக்குச் சற்று விரிவாகத்தான் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக, ஸ்டாக்டன் அமைந்திருக்கும் இந்த மத்தியப் பள்ளத்தாக்கில் வாழ்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தின் மீது தனிப் பற்று உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

ஸ்டாக்டன் ஏன் என்ற கேள்விக்கு ஒரே பதில், மண். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர். சான் வாக்கின் ஆறும் சாக்ரமெண்டோ ஆறும் கடலுக்குப் போகும் வழியில் கிளை பிரிந்து உண்டாக்கிய கழிமுகப் பகுதி. சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டி நீரை வடித்தபோது கரிய, பஞ்சு போன்ற மண் கிடைத்தது. உருளைக்கிழங்கு, வெங்காயம், அஸ்பாரகஸ் எல்லாம் செழித்தன. அந்த நிலத்தில் குனிந்து வேலை செய்யச் சீனர்கள் வந்தார்கள், ஜப்பானியர்கள் வந்தார்கள், பிலிப்பினோக்கள் வந்தார்கள். 1900-களின் தொடக்கத்தில் பஞ்சாபியரும் வந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள். பிரிட்டிஷ் படையில் இருந்து விலகியவர்களும் உண்டு. முதலில் கனடாவிலும் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களிலும் மர ஆலைகளிலும் ரயில் பாதைகளிலும் வேலை பார்த்தார்கள். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில் ஒரு வெள்ளையர் கும்பல் இந்தியத் தொழிலாளர்களின் இருப்பிடங்களுக்குள் புகுந்து அடித்து, அவர்களை ஊரைவிட்டே விரட்டியது. அதற்குப் பிறகு தெற்கு நோக்கி வந்தவர்கள் பலர். ஆலை வேலையைவிட வயல் வேலை அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் வயலில் வேலை கொடுத்தவர்கள் ஊருக்குள் வீடு கொடுக்கவில்லை. தானியக் கொட்டகையிலும் ஆற்றங்கரைக் கூடாரத்திலும் படுத்தார்கள். கூலி வேலை ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்த வாரம் உருளைக்கிழங்கு, அடுத்த மாதம் வேறு மாவட்டத்தில் பழம் பறிப்பு. மனைவி மக்கள் ஊரில். செத்தால் எரியூட்ட ஆள் இல்லை.

இந்த நிலையில்தான் ஜ்வாலா சிங், வசாகா சிங் என்ற இருவர் வருகிறார்கள். ஸ்டாக்டனுக்கு மேற்கே ஹோல்ட் என்ற இடத்தில் ஏறக்குறைய 500 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள். ஜ்வாலா சிங்கை உருளைக்கிழங்கு ராஜா என்று அழைக்கும் அளவுக்கு விளைச்சல். அந்தப் பண்ணையிலேயே ஓர் அறையில் வழிபாடு தொடங்கியது. அடுப்பும் அணையவில்லை. வேலை தேடி அந்த வழியே போகிற எவருக்கும் அங்கே சாப்பாடும் படுக்கையும் உண்டு. 1912-இல் பசிபிக் கரை கால்சா திவான் சொசைட்டி என்ற பெயரில் அமைப்பைப் பதிவு செய்து, நகரின் தெற்கே கிராண்ட் தெருவில் இடம் வாங்கினார்கள். 1915 நவம்பரில் மரத்தாலான குருத்வாராக் கட்டடம் திறக்கப்பட்டது. பக்கத்தில் செங்கல் கட்டடம் 1930 வாக்கில் எழுந்தது. இன்று பழைய மரக் கட்டடம் நூலகமாகவும் காட்சியகமாகவும் இருக்கிறது.

ஆக, கோயில் கட்டுவதற்கு முன்பே சாப்பாட்டுப் பந்தி இருந்தது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

கோயிலா, அரசியல் கூடமா என்று கேட்டீர்கள். சீக்கியர் ஒருவரிடம் இதைக் கேட்டால், இரண்டையும் ஏன் பிரிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். குரு நானக்கின் வழியில் மூன்று கடமைகள் உண்டு: இறைவன் பெயரை நினைப்பது, உழைத்துச் சம்பாதிப்பது, கிடைத்ததைப் பகிர்ந்து உண்பது. மூன்றாவது கடமைதான் லங்கர் என்னும் பொதுச் சமையல். ஆறாவது குரு ஹர்கோபிந்த் இரண்டு வாள்களை அணிந்தார். ஒன்று ஆன்மிகத்துக்கு, மற்றது உலகியல் அதிகாரத்துக்கு. அமிர்தசரஸில் பொற்கோயிலுக்கு எதிரே உலகியல் அதிகாரத்தின் பீடமான அகால் தக்த் இருப்பதும் இந்தக் கருத்தின் வடிவம்தான். ஜெபம் செய்த அதே கூடத்தில் அநீதியைப் பற்றிப் பேசுவது அவர்களுக்கு மரபு மீறல் ஆகாது. ஸ்டாக்டனில் நடந்தது அந்த மரபின் தொடர்ச்சி என்றே நான் பார்க்கிறேன்.

அந்தப் படங்களில் இருப்பவர்கள், இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதக் கிளர்ச்சியால் அகற்ற முனைந்த கெதர் கட்சிக்காரர்கள். 1913-இல் ஓரிகனின் அஸ்டோரியா நகரில் கூடிய இந்தியத் தொழிலாளர்கள் இந்தக் கட்சிக்கு அடித்தளம் இட்டார்கள். சோகன் சிங் பக்னா தலைவர். லாலா ஹர்தயாள் செயலாளர். நம் ஜ்வாலா சிங் துணைத் தலைவர்களில் ஒருவர். 1913 நவம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இருந்து 'கெதர்' பத்திரிகை உருதுவில் வெளிவந்தது. அடுத்து குர்முகி என்னும் பஞ்சாபி எழுத்திலும் வந்தது. பத்திரிகை அலுவலகம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தாலும் பணமும் ஆளும் வந்தது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தாக்கு வயல்களில் இருந்துதான். தொழிலாளர்கள் கூடிப் பேச அவர்களுக்கு இருந்த சொந்தக் கூரை ஸ்டாக்டன் குருத்வாரா. சீக்கியர்கள் மட்டும் அல்லாமல் பஞ்சாபி இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே வந்து போனார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து பெர்க்லிக்குப் படிக்க வந்த தரிசி செஞ்சையாவும் கெதர் கட்சியில் சேர்ந்து, இந்தியா திரும்பியபின் சிறை சென்றார். படிப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது: 1912-இலேயே ஜ்வாலா சிங் தம் விளைச்சல் பணத்தில் குரு கோவிந்த் சிங் பெயரில் உதவித்தொகை ஏற்படுத்தி, மதம் பாராமல் இந்திய மாணவர்களை பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்தார். தாம் பள்ளிப்படிப்பைத் தாண்டாத ஓர் உழவர் செய்த காரியம் இது. ஹோல்ட் வழியாகக் காரில் போகும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

1914-இல் உலகப் போர் மூண்டதும், பிரிட்டன் கை கட்டுண்டிருக்கும் இந்த நேரமே தக்க நேரம் என்று ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். ஜ்வாலா சிங்கும் வசாகா சிங்கும் பண்ணையை விட்டுவிட்டுப் போனார்கள். இருவரும் பிடிபட்டார்கள், லாகூர் சதி வழக்கில் ஆயுள் தண்டனை, அந்தமான் சிறை. கலிபோர்னியாவில் குர்முகிப் பத்திரிகையை அச்சடித்துக்கொண்டிருந்த கர்த்தார் சிங் சராபாவை 1915 நவம்பர் 16 அன்று லாகூரில் தூக்கிலிட்டார்கள். வயது 19. நான் மேலே சொன்ன தேதியைப் பாருங்கள்: ஸ்டாக்டனில் புதுக் கட்டடம் திறந்த அதே மாதம். கட்டடத்துக்கு வித்திட்ட இருவரும் திறப்பு நாளில் இல்லை. சுவரில் அந்தப் படங்கள் ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் மிகக் கடினமான காலமாகத் தோன்றுகிறது. 1917-இன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்தியாவிலிருந்து தொழிலாளர் வரவை அடைத்துவிட்டது. மனைவியை அழைத்துவரவும் வழி இல்லை. கலிபோர்னியாவின் 1913, 1920 நிலச் சட்டங்கள், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டவர் நிலம் வாங்குவதையும் பிறகு குத்தகைக்கு எடுப்பதையும் தடுத்தன. இந்தியர்கள் தகுதியுள்ளவர்களா என்ற கேள்வி 1923-இல் பகத் சிங் திந்த் வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு பணிபுரிந்தவர். சட்டம் குறிப்பிடும் 'வெள்ளையர்' என்ற சொல்லுக்குள் இந்தியர் வரமாட்டார்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பலருடையதையும் பறித்தார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் நம்பிக்கையான வெள்ளை வக்கீல் பெயரிலோ வங்கிக்காரர் பெயரிலோ எழுதி வைத்துவிட்டு, அவர்கள் ஏமாற்றாமல் இருக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தார்கள். பருத்தி வயல்களில் கூட வேலை செய்த பெண்கள். நிறக்கலப்புத் திருமணத் தடை இருந்த அந்நாளில் பதிவு அலுவலகத்தில் சிக்கல் குறைவாக இருந்த இணை அதுதான். தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் வடக்கே யூபா சிட்டியிலும் இப்படி நூற்றுக்கணக்கான குடும்பங்கள். பிள்ளைகளுக்கு ஸ்பானியப் பெயர், கடைசியில் சிங். ஞாயிறன்று மாதா கோயிலுக்குப் போகும் அந்தப் பிள்ளைகள் விசேஷ நாட்களில் அப்பாவோடு ஸ்டாக்டன் வந்து குருத்வாராவில் உட்காருவார்கள். அந்நாளில் உள்ளே நாற்காலிகள் போட்டிருந்தார்கள் என்பது இன்று போகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். பஞ்சாபிலிருந்து குடும்பங்கள் மீண்டும் வரத் தொடங்கிய பிறகுதான் தரையில் அமரும் வழக்கம் நிலைபெற்றது. சிலர் அந்த நாற்காலி வழக்கத்தைச் சீரழிவு என்பார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தனித்து விடப்பட்ட ஒரு சிறு கூட்டம் தன் கூரையைக் காப்பாற்றிக்கொண்ட விதம் அது.

இந்தக் கூரையின் கீழ் வளர்ந்து உயர்ந்தவர்களில் ஒருவர் தலிப் சிங் சவுந்த். 1920-இல் பெர்க்லிக்குப் படிக்க வந்தார். ஸ்டாக்டன் குருத்வாரா அங்கே மாணவர்களுக்காக நடத்திய விடுதியில் தங்கினார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் குடியுரிமைக்கு வழியில்லாதவருக்கு ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயியாக இறங்கினார். இந்தியாவை இழிவுபடுத்தி காதரின் மேயோ எழுதிய நூலுக்கு மறுப்பாக 1930-இல் அவர் எழுதிய புத்தகத்தை வெளியிட்டதும் ஸ்டாக்டன் குருத்வாராதான். இந்தியருக்குக் குடியுரிமை கேட்டு அலைந்தவர்களில் அவரும் ஒருவர். 1946-இல் லூஸ்-செல்லர் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. ஆனால் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்குத்தான் குடியேற அனுமதி. 1949-இல் குடிமகனான சவுந்த், 1956 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் போனார். ஆசிய வம்சாவளியில் அங்கே போன முதல் மனிதர். நம் ஊரில் பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை, வந்திருக்க வேண்டும்.

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியபின் மக்கள் தொகை பெருகியது. லோடை, மான்டீகா, ட்ரேஸி என்று சுற்றுவட்டாரத்தில் குருத்வாராக்கள் எழுந்தன. பாதாம் தோப்பு வைத்திருப்பவர்கள், மருத்துவர்கள், பெட்ரோல் நிலையம் நடத்துபவர்கள் என்று எல்லா வகையினரும் இருக்கிறார்கள். என்றாலும் இன்றைய பள்ளத்தாக்குச் சீக்கியரின் அடையாளத் தொழில் என்றால் லாரிதான். நெடுஞ்சாலை ஓரங்களில் பராத்தாவும் தேநீரும் கிடைக்கும் தாபாக்கள் முளைத்ததற்கும் அதுவே காரணம். 1984-க்குப் பிறகு பஞ்சாபின் வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களும் உண்டு. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. லங்கர் கூடங்களில் அக்காலத்துப் படங்களையும் சுவரொட்டிகளையும் காணலாம். அதைப் பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் பந்தியில் விவாதத்தைத் தொடங்காதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதில் அண்ணனையோ தந்தையையோ இழந்தவராக இருக்கலாம். நிர்வாகக் குழுத் தேர்தலில் இரண்டு அணிகள் மோதிக்கொண்டு வழக்கு வரை போவதும் அமெரிக்கக் குருத்வாராக்களில் நடக்கிறது. பணமும் கௌரவமும் சேரும் எந்தப் பொது இடத்திலும் நடப்பதுதான்.

தலைப்பாகை அணிந்தவர்கள் இந்த நாட்டில் கொடுத்த விலை அதிகம். 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்பவரை அவருடைய பெட்ரோல் நிலையத்தின் முன் சுட்டுக் கொன்றார்கள். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் நிறவெறியன் ஒருவன் சுட்டதில் அன்றே ஆறு பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் கதவை அடைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இந்தச் சமூகத்தின் மீது எனக்குள்ள மரியாதைக்குப் பெரிய காரணம். கொரோனா காலத்தில் கலிபோர்னியாக் குருத்வாராக்கள் பல, காரில் வருவோருக்கு உணவுப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தன. யார் என்று எவரையும் கேட்கவில்லை.

இனி, நீங்கள் போகும்போது எப்படி என்று சொல்கிறேன். ஞாயிறு காலை நல்ல நேரம். தூரத்திலிருந்தே துணி சுற்றிய உயர்ந்த கொடிமரம் தெரியும். அது நிஷான் சாகிப். வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டுத் தலையை மூடிக்கொள்ளுங்கள். துணி கொண்டுபோகாவிட்டால் அங்கேயே ஒரு கூடையில் இருக்கும். புகையிலை, மது எதுவும் கையில் இருக்கக் கூடாது. கைகழுவி உள்ளே போனால் விதானத்தின் கீழ் பட்டுத் துணியால் போர்த்திய பீடத்தில் குரு கிரந்த் சாகிப் இருக்கும். 1,430 பக்கங்கள் கொண்ட அந்த நூலையே வாழும் குருவாகக் கொள்கிறார்கள். விக்கிரகமோ பரம்பரைப் பூசாரியோ கிடையாது. அதில் குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாசர், சூஃபி ஞானி ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் இருக்கின்றன. எதிரே தலை தாழ்த்தி வணங்கிவிட்டுத் தரையில் எங்கு வேண்டுமானாலும் அமரலாம். நூலுக்கு நேராகக் காலை நீட்ட வேண்டாம். ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக் கீர்த்தனை நடக்கும். இறுதியில் எல்லோரும் எழுந்து நின்று வேண்டுவார்கள். அதன்பின் நூலைத் திறந்து அன்றைய நாளுக்கான பாடலைப் படிப்பார்கள். கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் கிளறிய பிரசாதம் வரும். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள்.

சிலர் இடுப்பில் சிறு வாள் அணிந்திருப்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் திகைக்கலாம். அது கிர்பான், அமிர்தம் பெற்றுக் கால்சா என்னும் தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பில் சேர்ந்தவர்கள் கழற்றக் கூடாத ஐந்து சின்னங்களில் ஒன்று. இதே பள்ளத்தாக்கின் லிவிங்ஸ்டன் ஊரில் பள்ளிக்கு அதை அணிந்து வரலாமா என்பது வழக்காகி, மழுங்கிய முனையோடு உறையில் தைத்து வைத்தால் தடை இல்லை என்ற ஏற்பாட்டுக்கு 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது.

லங்கருக்கு வருவோம். சமையற்கூடத்தை எட்டிப் பாருங்கள்; யாரும் தடுக்க மாட்டார்கள். நீளமான இரும்புத் தட்டின் அடியில் எரிவாயு எரியும். ஒரு பக்கம் பெண்கள் மாவு உருட்டித் தேய்த்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். எதிர்ப்பக்கம் ஓர் இளைஞர் தட்டைக் கரண்டியால் புரட்டிப் புரட்டி, உப்பிய ரொட்டியைக் கூடையில் எறிவார். இன்னொருவர் அதன்மேல் நெய் தடவுவார். வார நாட்களில் அவர் வங்கி அதிகாரியாகவோ லாரி ஓட்டுநராகவோ இருக்கக் கூடும். தலைக்குத் துணி கட்டி அங்கே நிற்கும்போது யார் எவர் என்று பிரித்தறிய இயலாது. பருப்பு, ஒரு காய்க்கறி, தயிர், பால்சோறு. எல்லாம் சைவம், எவரும் உண்ணக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காக. தரையில் விரித்த நீளப் பாய்களில் வரிசையாக அமர்கிறார்கள். பரிமாறுகிறவர் ரொட்டியைக் கையில் தருவார். அதற்கும் இரண்டு கைகளை நீட்டுவதுதான் முறை. மிச்சம் வைக்காதீர்கள். வேண்டிய அளவு கேட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பணம் கேட்க மாட்டார்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் உண்டியலில் போடுவதைவிட, சாப்பிட்டபின் தட்டு கழுவும் இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். புதிதாக வந்தவர் என்று தெரிந்தால் முதலில் வேண்டாம் என்பார்கள்; இரண்டாம் முறை கேட்டால் ஏப்ரனை எடுத்து நீட்டிவிடுவார்கள். மகள் குடும்பத்துக்கு அந்த ஊரில் அறிமுகங்கள் கிடைக்கவும் இதைவிட எளிய வழி இல்லை.

ஏப்ரலில் போக முடிந்தால் இன்னும் நல்லது. 1699-இல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவிய வைசாகியை ஒட்டி நகர்க்கீர்த்தனை ஊர்வலம் நடக்கும். அலங்கரித்த வண்டியில் குரு கிரந்த் சாகிப் முன்னே செல்ல, இளைஞர்கள் கத்கா என்ற சிலம்பத்தைப் போன்ற கலையை நடுத்தெருவில் ஆடிக் காட்டுவார்கள். வழியெல்லாம் சாப்பாட்டுப் பந்தல்கள். கூட்டம் பெரிது என்பதால் காரைத் தள்ளி நிறுத்த வேண்டியிருக்கும். பழைய மரக் கட்டடத்து நூலகத்தையும் கெதர் காட்சிப் பொருள்களையும் நிதானமாகப் பார்க்க விரும்பினால் அந்த நாளைத் தவிர்த்து, வேறொரு நாளில் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். பெரியவர் எவராவது அங்கே இருந்தால் ஜ்வாலா சிங்கைப் பற்றிக் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் சொல்வார்.